நானூறு பைகளும் ஒரு விளக்கக் கடிதமும்

1

இந்தக் கதையின் முதல் வரைவை நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம்தான். தலைப்பு: விளக்கக் கடிதம். எழுதியவன் நான், கையெழுத்துப் போட்டது என் அண்ணி. அதில் ஒரு வரி வரும்: 'எனது பார்வைக் குறைபாட்டின் காரணமாக, மேற்படி பைகளில் இருந்த ஓட்டைகளை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.' பத்துப் பதினைந்து கதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றை வீட்டில்கூட யாரும் நம்பியதில்லை. இந்த ஒரு வரியைக் கடல் தாண்டி இருக்கும் ஒரு நிறுவனமே நம்பிவிட்டது. அது பொய்.

அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். திருத்தினால் ஐந்து பெண்களின் வேலை போகக்கூடும். அது எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன். எழுதுகிறவன் சுத்தமான கையோடு உட்காரவில்லை என்பது முதலிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எழுத்தாளன். மற்ற நாட்களில் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதுகிறேன். நாங்கள் செய்வது பை. காய்கறி வாங்கும் பை இல்லை. பெரிய உலைகளின் புகைபோக்கிக்குள் வரிசையாகத் தொங்கவிடும் பை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம், ஒரு தொடையின் பருமன். புகை அதற்குள் நுழைந்து வெளியே போகும்போது தூசியெல்லாம் துணியில் தங்கிவிடும். காகிதத்தில் இதற்கு 'சுற்றுச்சூழல் பொருள்' என்று பெயர். அந்தப் பெயர் இருந்தால் வாங்குகிற நாட்டில் வரி குறைவு, மரியாதை அதிகம். நான்தான் அந்தக் கட்டத்தில் டிக் போடுவேன்.

2

தொடக்கம் ஒன்று: "உலகமே பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறிவரும் இவ்வேளையில், சுற்றுச்சூழல் பொருட்களின் ஏற்றுமதி நாளுக்கு நாள்"

(நிறுத்திவிட்டேன். வணிகர் சங்க மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரை இப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்கு எனக்கு ஒரு சால்வை கிடைத்தது.)

தொடக்கம் இரண்டு: "இருட்டுக்குள் அவள் ஒளியைத் தேடிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையும் அப்படித்தான் என்று"

(அண்ணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.)

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அண்ணியை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தவர். என் சட்டைக்குப் பொத்தான் தைத்து, என் மதிப்பெண் அட்டையை அண்ணனிடம் காட்டாமல் ஒளித்துவைத்தவர். ஆனால் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தால் கதைக்குள் அவர் நடமாட மாட்டார், சுவரில் மாட்டிய படம் போல நின்றுவிடுவார். அதனால் கொஞ்ச நேரத்துக்கு 'அவள்' என்றே எழுதுகிறேன். நானும் அதில் 'கொழுந்தன்' என்ற பெயரில் வருவேன். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றை மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வதுதான் எனக்கும் வசதி.

3

அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய், உள்ளே விளக்கு. தைத்து வந்த பையை அந்தக் குழாய் மேல் உறை மாட்டுவதுபோல் மாட்டி, கதவைச் சாத்தி, மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே ஒரு புள்ளி மினுங்கும். மினுங்கினால் பை ஒதுக்கப்படும். மினுங்காவிட்டால் பையின் வாயில் நூல் முடிச்சுப் போடுவார்கள். ஆறு பேர் பார்க்கிறார்கள், ஆளுக்கு ஒரு நிறம். அவளுடையது மஞ்சள்.

பத்தொன்பது வருடங்களாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள். மற்ற ஐந்து பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். தொழிற்சாலையில் அவளுக்கு 'ஓட்டை அக்கா' என்று பெயர். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அந்த அறைக்கு ஒரு விதி இருந்தது. எங்கேயும் எழுதிவைத்த விதி இல்லை, வாய்வழி வந்தது. துணியின் உடம்பில் ஓட்டை இருந்தால் பை கழிவு. தையல் ஓரத்தில் ஊசி போன வழியில் வெளிச்சம் தெரிந்தால் விட்டுவிடலாம். அவள் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "தையல் ஓட்டைய பத்தி கவலப்படாத. மாட்டின ரெண்டாவது நாளே தூசி வந்து அதுவா அடைச்சிக்கும்."

அது உண்மை. தூசியைப் பிடிக்கும் பையில் மிச்ச ஓட்டையை அடைப்பது அதே தூசிதான். பத்தொன்பது வருடங்களும் அப்படித்தான் அடைந்தது.*

* இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அவளை ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேனோ? அப்படி ஒன்றும் இல்லை. வாய் அதிகம். அந்த ஐந்து பேரில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆகியிருந்த சின்னவள் ஒரு பையைத் தவறவிட்டபோது, எல்லோர் முன்னாலும் "மூஞ்சில இருக்கறது கண்ணா, பொத்தானா?" என்று கேட்டு அழவைத்தாள். போய் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவும் இல்லை.

4

நானூறு பைகள் திரும்பி வந்தன. வாங்கிய நிறுவனம் எங்களிடம் பல வருடங்களாக வாங்குகிற பெரிய சுண்ணாம்பு உலைக்காரர்கள். புகைபோக்கியின் உச்சியில் வைத்த மீட்டர் கத்துகிறது, உங்கள் பைகள் ஒழுகுகின்றன என்று கடிதம். பிரித்துப் பார்த்தால் நானூறிலும் மஞ்சள் நூல். பெரிய ஆர்டர் என்பதால் நல்ல கண்ணிடம் கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. "நான் பாத்த பையா? ஒழுகுதா? கொண்டாங்க இங்க." ஒன்றை உருவி எடுத்தாள். எடுத்ததுமே கை கொஞ்சம் நின்றது. முன்பெல்லாம் மாதிரிக்கென்று திரும்பி வரும் பழைய பைகள் கறுத்து, பலகைபோல் விறைத்து, தொட்டால் கை முழுக்கக் கரியாகும். இது துவைத்துக் காயவைத்த துணியைப் போல் இருந்தது.

குழாயில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். கொழுந்தனும் பக்கத்தில் நின்றான். காகிதத்தில் எழுத அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தையல் வழி நெடுகப் புள்ளிகள் வரிசையாக மினுங்கின. புதுப் பையில் அன்று அவள் பார்த்த அதே புள்ளிகள்.

"எட்டு மாசம் புகைல தொங்கின பை இது," என்றாள். "ஒண்ணுகூட அடையல தம்பி."

"ஏன் அண்ணி?"

அவள் பையை ஒரு சுற்றுச் சுற்றினாள். துணியைக் கசக்கி, முகர்ந்து பார்த்தாள்.

"அங்க தூசி இல்ல," என்றாள். "அடைக்கற அளவுக்குத் தூசியே இல்ல."

விசாரித்ததில் அதுதான் நடந்திருந்தது. அந்த நாட்டில் புதுச் சட்டம், புது எரிபொருள், புது உலை. புகை மெலிந்துவிட்டது. வந்த கொஞ்சநஞ்சத் தூசியும் மாவைவிட மெல்லியது. அது துணியில் படியவே இல்லை. தையல் ஓட்டை வழியாக நேராக வெளியே போய்விட்டது. அழுக்கான உலகத்துக்குச் சரியாக இருந்த விதி, சுத்தமாகிக்கொண்டிருக்கும் உலகத்தில் தப்பாகிவிட்டது. அதை அவளுக்கு யாரும் எழுதிப் போடவில்லை.

5

மேலாளருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. ஆனால் அன்று அவர் எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தார்.

"ஒரு ஆளோட கண்ணு சரியில்லன்னு சொன்னா அவங்க ஒத்துக்குவாங்கம்மா. எங்க வழக்கமே இதுதான்னு சொன்னோம்னு வைங்க, இதுவரைக்கும் அனுப்பின அத்தனை பையையும் இறக்கச் சொல்லுவாங்க. அவங்க சப்ளையர் பட்டியல்லேருந்து நம்ம பேர அடிச்சிடுவாங்க."

"எல்லா ஓட்டையும் நான் பாத்தேன் சார்."

"தெரியும்மா."

"பாத்துட்டுத்தான் விட்டேன்."

"அதாம்மா பிரச்சன."

அவள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் மேசை மேலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்த அஞ்சு பேரு?"

"நீங்க சொல்லிக்குடுத்தபடிதானே அவங்களும் பாக்கறாங்க? பேர அடிச்சிட்டாங்கன்னா அந்த ரூமையே மூட வேண்டியதுதான். அஞ்சு பேரும் வீட்டுக்குத்தான். நீங்க கையெழுத்துப் போட்டா யாருக்கும் வேல போகாது. உங்களுக்கும் போகாது. பேக்கிங்ல உக்காந்துக்கலாம்."

"நான் சொல்லிக்குடுத்ததுதான்," என்றாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

"ஒரு கண்ணு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிடுங்க. கடிதத்த தம்பி எழுதிடுவாரு. அவரு எழுத்தாளராச்சே."

(அந்த 'எழுத்தாளராச்சே' என்ற சொல்லுக்குக் கொழுந்தன் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோனான். இதைச் சொல்லாமல் விடலாம் என்று மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன்.)

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான்: "என்ன அண்ணி பண்ணலாம்? நீங்க சொல்றதுதான்."

அவள் "சரி, எழுது," என்றாள்.

6

கண் மருத்துவரின் அறையில் எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கொழுந்தன் வழியெல்லாம் சொல்லிக் கூட்டிவந்திருந்தான்: மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழே எதைக் காட்டினாலும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அவளும் தலையாட்டியிருந்தாள்.

மருத்துவர் குச்சியால் தொட்டார். அவள் படித்தாள். மூன்றாவது வரி வந்தது, படித்தாள். நான்காவதையும் ஐந்தாவதையும் மூச்சு விடாமல் படித்தாள். கடைசி வரியை முடித்துவிட்டு, "அதுக்கும் கீழ ஓரமா அச்சகத்தோட முகவரி போட்டிருக்கு, அதையும் படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மருத்துவர் குனிந்து, பலகையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். முகவரி இருந்தது. "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா! உங்களுக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய குழந்தை மாதிரி முகம் மலர்ந்து வெளியே வந்தவள், கொழுந்தன் முகத்தைப் பார்த்ததும்தான் எதற்கு வந்தோம் என்பதை நினைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது?"

"கண்ணு முன்னாடி பளிச்சுனு இருக்கு தம்பி. எப்படி இல்லன்னு சொல்றது?"

அடுத்த வாரம், வேறு தெரு, வேறு மருத்துவர். இந்தத் தடவை அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன எழுத்து?"

"தெரியல."

"இது?"

"மங்கலா இருக்கு."

"சரி, இந்தப் பெரிய எழுத்து?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் திரண்டது.

"அடிக்கடி இப்படித் தண்ணி வருமா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வரும்," என்றாள்.

அவர் அதையும் சான்றிதழில் சேர்த்து எழுதினார். பிறகு ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, "இப்போ? இப்போ?" என்று கேட்டார். எல்லா வில்லையும் அவளுக்குக் கலங்கலாகத்தான் இருந்தது. ஏழோ எட்டோ போனபின், அவரை இதற்கு மேல் சிரமப்படுத்த வேண்டாமென்று, "இது பரவால்ல," என்றாள். அந்த வில்லைக்குக் கண்ணாடி செய்து கொடுத்தார்கள்.

7

கடிதமும் சான்றிதழும் போய்ச் சேர்ந்தன. வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பண்பான மனிதர், எல்லோருக்கும் கை கொடுத்தார். அவளைப் பேக்கிங் மேசையில் கண்ணாடியோடு உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். படிவத்தில் 'எடுக்கப்பட்ட திருத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சோதனையாளருக்குக் கண்ணாடி வழங்கப்பட்டு, வேறு பணிக்கு மாற்றப்பட்டார்' என்று கொழுந்தன், அதாவது நான், நிரப்பினேன். தையலின் மேல் இப்போது பசை தடவுகிறார்கள். ஓட்டைப் பிரச்சினையே இல்லை.

ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்பதால், தொழிற்சாலைக்குள் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று ஆகட்டும் சொல்லிவிட்டார். அவள் கழற்றவில்லை. படிக்கட்டில் இரண்டு தடவை கால் தவறினாள். தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டாள். பெட்டி மேல் ஒட்டும் சீட்டைக் கோணலாக ஒட்டினாள். பார்த்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை இன்னும் பலமாயிற்று.

அந்த ஐந்து பேரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஐந்து வாய்க்குப் போனால் ஊருக்கே போனதுபோல் என்பது ஆகட்டும் போட்ட கணக்கு. ஆகவே அவர்களும் நம்பினார்கள். ஒரு நாள் தேநீர் இடைவேளையில், அவள் பின்னால் நிற்பது தெரியாமல் சின்னவள் சொன்னாள்: "பாவம்டி, கண்ணு தெரியாமலேதான் இத்தன நாள் நம்மள அந்தத் திட்டுத் திட்டிருக்கு." நான்கு பேர் சிரித்தார்கள். அவள் தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பேக்கிங் மேசைக்குப் போனாள். அவள் பேசாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

போன மாதம் உலைக்காரர்களிடமிருந்து இன்னொரு கடிதம். இன்னும் இரண்டு வருடத்தில் உலைகள் மொத்தமும் மின்சாரத்துக்கு மாறுகின்றன. புகை இருக்காது. புகைபோக்கி இருக்காது. பை தேவைப்படாது. இத்தனை ஆண்டுகள் தூய்மையான காற்றுக்குத் துணை நின்றதற்கு நன்றி. நல்ல கடிதம், ஒரு குறை சொல்ல முடியாது. பதில் எழுத வேண்டியது என் வேலை. 'தங்கள் முயற்சிக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்' என்று எழுதினேன்.

அவளிடம் சொன்னபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரெண்டு வருஷத்துக்குத்தான் என் கண்ணக் குடுத்தேனா?" என்றாள்.

(இதற்கு அடுத்து, 'ஆனா நல்லதுதானே தம்பி, அங்க பிள்ளைங்க நல்ல காத்த சுவாசிக்கட்டும்' என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன். கதைக்கு அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.)

8

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஆய்வாளர் மறுபடி வருகிறார். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு பையை உருவி, விளக்கே இல்லாமல் ஓட்டையைக் காட்டுகிறாள். எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். (கைதட்டல் கேட்கிறது எனக்கு. கதைக்குள் யாரும் தட்டவில்லை, நான்தான் தட்டிக்கொள்கிறேன்.)

ஐந்து பேரும் உண்மை தெரிந்து, ஒன்றாகச் சேர்ந்து ஆகட்டும் அறைக்கு. (சின்னவளின் அம்மா படுத்த படுக்கை. இன்னொருத்திக்கு மூன்று பெண் குழந்தைகள். எந்தத் தைரியத்தில் அவர்களை நான் கிளப்பிவிடுவது?)

தொழிற்சாலை வேறு பசுமைப் பொருளுக்கு மாறுகிறது, சூரிய ஒளித் தகடுகளுக்கு உறை தைக்கிறது, பழைய அறையில் மறுபடியும் விளக்கு எரிகிறது. (இது வணிகர் சங்க மலருக்கு. இன்னொரு சால்வை வரும்.)

எதுவும் தேறவில்லை. எழுதியவரைக்கும் அண்ணியிடமே கொடுத்தேன். இனி 'அவள்' இல்லை, அண்ணிதான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், ஜன்னலோரம் நின்று படித்தார். கண்ணாடி மேசையில் இருந்தது. என் எழுத்து பொடி எழுத்து. ஒரு வரியையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"டாக்டர் ரூம்ல அழுதேன்னு எழுதியிருக்க."

"அழுதீங்க அண்ணி."

"சரி, இருக்கட்டும்." இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். "பாத்துட்டுத்தான் விட்டேன்னு போட்டிருக்க."

"அதத்தானே சொன்னீங்க."

அந்த வரியை அவர் மறுபடி படித்தார். வெகுநேரம் படித்தார். அத்தனை சின்ன வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"பத்திரிகைக்கு அனுப்பட்டுமா அண்ணி?"

"அனுப்பினா? யாராவது படிச்சு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அந்த அஞ்சு பேரு?"

"அனுப்பலன்னா நீங்க கண்ணு தெரியாதவங்களாவே இருந்துடுவீங்க."

"என்கிட்ட கேக்காத தம்பி." குரல் உயரவில்லை. "அன்னிக்கும் என்னத்தான் கேட்ட. நீங்க சொல்றதுதான்னு சொல்லி என் தலைல வெச்ச. நானும் சரின்னேன். ஒரு ஆளு எத்தன தடவதான் சரின்னு சொல்றது?"

பக்கங்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாசல் படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கிப் போனார்.

இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் நான் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அனுப்பியதில் எனக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அச்சில் வந்த மறுநாளும் காலை எட்டு மணிக்கு நான் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து பேரும் வணக்கம் சொல்வார்கள். சின்னவள் நன்றாகப் படிக்கிறவள், பத்திரிகை எதையும் விடமாட்டாள். என்னைப் பார்த்தால் எப்போதும் கேட்பதை அன்றும் கேட்பாள்: "புதுசா ஏதாவது எழுதினீங்களா சார்?"

அதற்கு நான் சொல்லப்போகும் பதில் இந்த இடத்தில் வர வேண்டும். எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள்.